இந்திய யூதர்கள்: நல்லுறவின் வரலாறும் நமது கடமையும்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் பழைய அரண்மனையும், அரச குடும்பத்தார் வழிபட்ட கோயிலும், யூதர்களின் ஜெப ஆலயமும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1568ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அந்தப் பரதேசி ஜெப ஆலயத்தின் வளாகத்தில் 1760ஆம் ஆண்டைச் சேர்ந்த மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. அதன் ஒரு முகத்தில் எபிரேய எண்களும், மற்றொன்றில் ரோமானிய எண்களும், வேறொன்றில் மலையாள எண்களும் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்துகள் வேறு, அவை காட்டும் நேரம் ஒன்றே. வேற்றுமைக்கு இடையே ஒன்றிவாழும் நமது நாட்டின் இயல்பை விளக்க இதைவிடச் சிறந்த சின்னத்தைத் தேடவேண்டியதில்லை.

ஆயினும் அந்த ஆலயத்தில் இன்று ஒரு குறை உண்டு. யூத நெறிப்படி முழுமையான கூட்டு வழிபாடு நடைபெற வயது வந்த ஆடவர் பத்துப் பேர் கூடவேண்டும். கொச்சியில் எஞ்சியுள்ள யூதர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. வெளியூரிலிருந்து வருவோரும் சேர்ந்தால்தான் அந்தப் பத்து நிறைவெய்துகிறது. இந்தியா முழுவதிலும் உள்ள யூதர்களின் தொகை ஏறத்தாழ ஐயாயிரமே. இவ்வளவு சிறிய சமூகத்தைப் பற்றி நாம் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்ற வினா எழலாம். உலகின் பல பகுதிகளில் யூதர்கள் யூதர்களாகப் பிறந்த ஒரே காரணத்துக்காக வெறுக்கப்பட்டனர். நம் நாட்டில் அவர்கள் பல நூற்றாண்டுகள் பெரும்பாலும் அச்சமின்றி வாழ்ந்தனர். இது எவ்வாறு இயன்றது என்பதையும், இந்தச் சிறப்பு தொடர நாம் செய்யவேண்டியது என்ன என்பதையும் எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும்.

மூன்று பிரிவினர்

இந்திய யூதர்களை மூன்று பெரும் பிரிவினராகக் கூறுவர். இவர்களுள் கொச்சி யூதர்களின் தொன்மைக்குச் செப்பேடுகளே சான்று. கி.பி. 849இல் கொல்லத்தில் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் சாட்சிகளாக ஒப்பமிட்டோருள் எபிரேய எழுத்தில் ஒப்பமிட்டோரும் உள்ளனர். கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு உரிமைகள் பலவற்றை வழங்கினான். வட்டெழுத்தில் அமைந்த அந்தச் செப்பேடு அவரை இஸ்ஸுப்பு இரப்பான் என்று குறிக்கிறது. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையோடு, எழுபத்திரண்டு சிறப்புரிமைகளும் அவருக்கு அளிக்கப்பட்டன. பல்லக்கு, குடை, பகல் விளக்கு, நடைவிரிப்பு, எக்காளம், தோரணம் ஆகியன அவற்றுள் சில. உல்கு எனப்படும் சுங்கத்திலிருந்தும் அவருக்கு விலக்குத் தரப்பட்டது. பல்லக்கும் குடையும் அக்காலத்தில் உயர்ந்தோர்க்கே உரியவை. கடல் கடந்து வந்த ஒரு சமூகத்தின் தலைவருக்கு நாட்டின் உயர்குடியினர்க்குரிய மதிப்பு அளிக்கப்பட்டது என்பதே இதன் பொருளாகும்.

கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் பிரிவினர் எண்ணிக்கையில் பெரியவர்கள். அலிபாகுக்கு அருகே நவ்காவ் கரையோரத்தில் கப்பல் உடைந்து, ஏழு ஆடவரும் ஏழு பெண்டிரும் உயிர் தப்பினர் என்றும், அவர்களின் வழித்தோன்றல்களே தாங்கள் என்றும் இவர்களின் மரபுச் செய்தி கூறுகிறது. சிற்றூர்களில் செக்காட்டி எண்ணெய் எடுப்பதே இவர்களின் தொழிலாக இருந்தது. சனிக்கிழமைகளில் இவர்கள் செக்கை நிறுத்திவிடுவர். ஆகவே அண்டை வீட்டார் இவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய் வாணியர், என்று அழைத்தனர். நூல்களும் குருமாரும் இல்லாத நிலையிலும் ஓய்வுநாளையும், விருத்தசேதனத்தையும், உணவு விதிகளையும் இவர்கள் கைவிடவில்லை. மராத்தி மொழியே இவர்களின் தாய்மொழி. திவேகர், கெகிம்கர், ராஜ்பூர்கர் என்று ஊர்ப் பெயரோடு சேர்ந்த குடும்பப் பெயர்கள் இவர்கள் அந்த மண்ணோடு கலந்ததைக் காட்டுகின்றன. 1796இல் பம்பாயில் இவர்களின் முதல் ஜெப ஆலயம் கட்டப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஈராக், சிரியா முதலிய நாடுகளிலிருந்து வந்து பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறியோர் பாக்தாதி யூதர்கள் எனப்படுவர். பாக்தாதின் ஆளுநர் யூதர்களைக் கொடுமைப்படுத்தியதால் அங்கிருந்து வெளியேறி, 1832இல் பம்பாய் வந்தடைந்தவர் டேவிட் சசூன். பம்பாயின் சசூன் கப்பல்துறையும் நூலகமும், புனேயின் சசூன் மருத்துவமனையும் அந்தக் குடும்பத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன.

வாழ்வும் வழிபாடும்

யூத சமயத்தின் அடிப்படை இறைவன் ஒருவனே என்னும் கொள்கையாகும். தோரா எனப்படும் திருநூற் சுருள் ஜெப ஆலயத்தின் பேழையில் வைத்துப் போற்றப்படுகிறது. வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றி வரவேற்கப்படும் ஓய்வுநாள் சனிக்கிழமை அந்திவரை நீடிக்கிறது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதை நினைவூட்டும் பஸ்காப் பண்டிகையின்போது புளிப்பில்லாத அப்பத்தையே உண்பர். அந்த விடுதலைக் கதையைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது பெற்றோரின் கடமையாகும். துன்பத்தை மறவாதிருத்தலும், கற்றலைத் தலையாய கடமையாகக் கொள்ளுதலும் இந்த மரபின் இரு தூண்கள் எனலாம்.

இந்த நெறிகள் மாறாமலே இந்திய வழக்கங்களும் இவர்களின் வாழ்வில் கலந்தன. கொச்சி ஜெப ஆலயத்தினுள் காலணிகளைக் கழற்றிவிட்டே செல்வர். கொச்சி யூதப் பெண்டிர் திருமணத்திலும் பண்டிகைகளிலும் பாடும் மலையாளப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்துக் காத்தனர். பெனே இஸ்ரேல் மக்கள் திருமணத்தின்போது மணமக்களுக்கு மருதாணி இடுகின்றனர். நேர்ந்துகொண்டது நிறைவேறும்போது எலியா தீர்க்கதரிசியின் பெயரால் அவல், தேங்காய், சர்க்கரை, பழங்கள் ஆகியவற்றைத் தட்டில் வைத்து நன்றி செலுத்தும் 'மலிதா' என்னும் சடங்கும் இவர்களிடையே உண்டு. எலியாவைப் போற்றுவது யூத மரபு. அவலும் தேங்காயும் கொங்கண மண்ணின் கொடை.

வெறுப்பு வளர்ந்த விதம்

பிற நாடுகளில் யூதர்களைச் சூழ்ந்த நிலைமை வேறு. ஐரோப்பாவில் யூத வெறுப்பு பொய்க் குற்றச்சாட்டுகளால் வளர்க்கப்பட்டது. சடங்குக்காகக் குழந்தைகளைக் கொல்கின்றனர் என்ற பழி பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுந்து பிற நாடுகளுக்கும் பரவியது. 1348ஆம் ஆண்டையொட்டிக் கொள்ளைநோய் பரவியபோது, கிணறுகளில் நஞ்சிட்டவர்கள் யூதர்களே என்று கூறி ஊர் ஊராக அவர்களைக் கொன்றனர். நிலம் வைத்துக்கொள்ளவும், பல தொழில்களில் ஈடுபடவும் தடைவிதித்த சமுதாயமே, வட்டித் தொழிலுக்குத் தள்ளப்பட்டவர்களைப் பேராசைக்காரர் என்று இகழ்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் வெளியான ஓர் ஏடு, உலகை ஆளுவதற்கு யூதத் தலைவர்கள் சதி செய்கின்றனர் என்று கூறிற்று. அது வேறொரு நூலிலிருந்து திருடிப் புனையப்பட்டது என்பதை 1921இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் ஆதாரங்களுடன் மெய்ப்பித்தது. எனினும் அந்தப் பொய் மறையவில்லை. ஹிட்லரின் ஆட்சி அதைக் கருவியாகக் கொண்டது. 1935இல் ஜெர்மானிய யூதர்களின் குடியுரிமையைச் சட்டத்தால் பறித்த அந்த ஆட்சி, 1945இல் வீழ்வதற்குள் அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்று குவித்தது.

இந்த வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. கொலை திடீரென்று தோன்றுவதில்லை. முதலில் ஏளனம், பின்னர் பழி, அதன் பின்னர் விலக்கு, இறுதியிலேயே வன்முறை. ஏளனத்தையும் பழியையும் பொருட்படுத்தாமல் விட்ட சமுதாயங்கள் வன்முறையைத் தடுக்கும் ஆற்றலை இழந்துவிட்டன.

வெறுப்பின் விளைவாக ஒரு நாடு இழந்தது மற்றொரு நாட்டுக்கு நலமாக முடிந்ததும் உண்டு. ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் பிறந்த வால்டெமார் ஹாஃப்கின், யூதராக இருந்ததால் அங்கு தம் அறிவியல் பணியில் முன்னேற இயலவில்லை. பாரிஸ் சென்று காலராத் தடுப்பூசியை உருவாக்கிய அவர், 1893இல் இந்தியா வந்தார். பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது அதற்கான தடுப்பூசியை உருவாக்கி, 1897 ஜனவரி 10ஆம் நாள் முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். பம்பாயிலுள்ள ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரால் விளங்குகிறது. அகில இந்திய வானொலியின் அறிமுக இசையை அமைத்தவராகப் பெரிதும் குறிப்பிடப்படும் வால்டர் காஃப்மன், 1934இல் ஐரோப்பாவிலிருந்து பம்பாயில் அடைக்கலம் புகுந்த யூத இசைக் கலைஞர் ஆவார்.

இந்தியாவின் அனுபவம்

இந்திய மண்ணில் யூதர்களுக்குத் துன்பமே நேரவில்லை என்று கூறுவது உண்மையாகாது. 1524இல் கொடுங்கல்லூர்ப் பகுதியில், மிளகு வணிகப் போட்டியின் காரணமாக யூதர்கள் தாக்கப்பட்டனர். போர்ச்சுகீசியர் ஆட்சியிலிருந்த கோவாவில் 1560இல் ஏற்படுத்தப்பட்ட சமய விசாரணை மன்றம் யூத நெறியைப் பின்பற்றியோரையும் தண்டித்தது. 1662இல் கொச்சியின் ஜெப ஆலயத்தைப் போர்ச்சுகீசியர் தீக்கிரையாக்கினர். இந்த இடர்களின்போது யூதர்களுக்குப் புகலிடம் தந்தவர் கொச்சி மன்னர். தம் அரண்மனைக்கு அருகிலேயே அவர்கள் குடியிருக்க இடமளித்ததால் அங்கு யூதத் தெரு உருவாயிற்று.

யூதர்களிடையேயும் ஏற்றத்தாழ்வு நிலவியது. கொச்சியில் பரதேசி யூதர்கள் தங்களை வெள்ளையர் என்று கூறிக்கொண்டு, அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றோரின் வழிவந்தவர்களைத் தங்கள் ஆலயத்தில் சமமாக அமரவிடவில்லை. அப்பிரிவில் பிறந்து வழக்கறிஞராக உயர்ந்த ஏ. பி. சேலம் (1882-1967) காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி, ஜெப ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். காலப்போக்கில் அந்த வேறுபாடுகள் நீங்கின. 'யூத காந்தி' என்று அவரை மக்கள் அழைத்தனர். இஸ்ரேலில் குடியேறிய பெனே இஸ்ரேல் மக்களும், தாங்கள் முழு உரிமையுள்ள யூதர்களே என்பதை நிலைநாட்ட 1964ஆம் ஆண்டுவரை போராட வேண்டியிருந்தது. வெறுப்புக்கு ஆளானவர்களும் பிறரைத் தாழ்த்தக்கூடும் என்பதையும், அதை அறவழியில் திருத்த இயலும் என்பதையும் இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

1948இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர் இந்திய யூதர்களுள் பெரும்பாலோர் அங்கு சென்று குடியேறினர். அவர்களை யாரும் விரட்டவில்லை. சமயப் பற்றும், பொருளாதார வாய்ப்புகளும், உறவினரின் அழைப்புமே அவர்களை ஈர்த்தன. இங்கேயே தங்கியவர்கள் நாட்டுக்கு ஆற்றிய தொண்டு அவர்களின் எண்ணிக்கையைவிடப் பன்மடங்கு பெரிது. 1971ஆம் ஆண்டுப் போரில் கிழக்குப் படைப்பிரிவின் தலைமை அலுவலராக விளங்கிய ஜே. எப். ஆர். ஜேக்கப், மகப்பேறு மருத்துவத்தில் புகழ்பெற்ற ஜெரூஷா ஜிராட், ஆங்கிலக் கவிதைக்காக 1983இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நிசிம் எசக்கியேல், அகமதாபாத்தின் காங்கரியா விலங்குக் காட்சிச்சாலையை உருவாக்கிய ரூபன் டேவிட் ஆகியோரை எடுத்துக்காட்டாகக் கூறலாம். 1968 டிசம்பரில் கொச்சி ஜெப ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழா நடைபெற்றபோது, அன்றைய பிரதமர் இந்திரா காந்தி நேரில் கலந்துகொண்டார். நினைவு அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது.

2008 நவம்பர் 26ஆம் நாள் மும்பையில் நுழைந்த பயங்கரவாதிகள், நரிமன் இல்லத்தில் அமைந்திருந்த யூத மையத்தையும் தாக்கினர். அங்கிருந்த யூத குருவும் அவருடைய மனைவியும் உட்பட ஆறு பேர் கொல்லப்பட்டனர். அவர்களின் இரண்டு வயது நிரம்பாத மகனை, அவ்வில்லத்தில் பணிபுரிந்த இந்தியப் பெண்மணி தம் உயிரைப் பொருட்படுத்தாது தூக்கிக்கொண்டு வெளியேறினார். அந்த இல்லத்தை மீட்கும் முயற்சியில் உயிர்நீத்த தேசியப் பாதுகாப்புப் படை வீரர் கஜேந்திர சிங்குக்கு அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது. கொல்லப்பட்ட பயங்கரவாதிகளின் உடல்களைத் தங்கள் அடக்கத்தலத்தில் புதைக்க மும்பை முஸ்லிம் அமைப்பினர் மறுத்துவிட்டனர். வெறுப்புக்கு இந்திய மக்கள் அளித்த விடை இதுவே.

பகையின்மை மட்டும் போதுமா?

எனினும், நம்மிடம் யூத வெறுப்பு இல்லை என்ற பெருமிதத்தோடு நின்றுவிடலாகாது. 2006இல் நவி மும்பையில் ஓர் உணவு விடுதிக்கும், 2012இல் அகமதாபாத்தில் ஒரு துணிக்கடைக்கும் ஹிட்லரின் பெயரைச் சூட்டினர். யூதர்களைப் புண்படுத்துவது அவர்களின் நோக்கமன்று. அந்தப் பெயர் கவர்ச்சியாக இருந்தது என்பதே காரணம். யூத மக்கள் எடுத்துரைத்த பின்னர் விடுதியின் பெயர் மாற்றப்பட்டது. கடைப் பெயருக்கும் எதிர்ப்பு எழுந்தது. ஹிட்லரின் நூல் நம் புத்தகக் கடைகளில் இன்றும் விற்பனையாகிறது. கட்டுப்பாடுமிக்க தலைவருக்கு எடுத்துக்காட்டாக அவரைக் கூறும் மாணவர்களும் உள்ளனர்.

இது பகையன்று, அறியாமை. ஆனால் பழிச்சொல் வேரூன்றுவது அறியாமை என்னும் நிலத்தில்தான். முன்பு கொங்கணச் சிற்றூரில் வாழ்ந்தவர்க்கு யூதர் என்பவர் எண்ணெய் தரும் அண்டை வீட்டார். இன்று நம்மில் பெரும்பாலோர் ஒரு யூதரையும் நேரில் கண்டதில்லை. காணாத ஒருவரைப் பற்றிக் கூறப்படும் பொய்யை மறுக்க நம்மிடம் சொந்த அனுபவம் இல்லை. நூறாண்டுகளுக்கு முன்பே பொய்யென்று மெய்ப்பிக்கப்பட்ட சதிக் கதைகள், இன்று கைபேசி வழியாகப் புதிய செய்திகள் போல் நம்மை வந்தடைகின்றன. அத்தகைய கதைகளை நம்பிய ஒருவன் 2018இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஜெப ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றதை மறந்துவிடலாகாது.

மற்றொரு தெளிவும் தேவை. இஸ்ரேல் அரசின் கொள்கைகளைப் பற்றியும், பாலஸ்தீன மக்களின் உரிமைகளைப் பற்றியும் கருத்துரைப்பது குடிமக்களின் உரிமை. ஆனால் ஓர் அரசின் செயலுக்காக உலகெங்குமுள்ள யூதர்களைப் பொறுப்பாளிகளாக்குவது வெறுப்பாகும். எந்த நாட்டின் செயலுக்காகவும் அந்நாட்டின் சமயத்தைச் சார்ந்த நம் குடிமக்களைக் குற்றவாளிகளாக்குவது எவ்வாறு தவறோ, அவ்வாறே இதுவும் தவறாகும்.

சட்டமும் சமுதாயமும்

சமய உரிமையையும், சிறுபான்மையினரின் பண்பாட்டையும் மொழியையும் பேணும் உரிமையையும் அரசியலமைப்பின் 25 முதல் 30 வரையிலான விதிகள் உறுதிசெய்கின்றன. சமயத்தின் பெயரால் பகைமை வளர்ப்பது, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவின்படி குற்றமாகும். 2016இல் மகாராஷ்டிர அரசும், 2018இல் குஜராத் அரசும் யூதர்களைச் சிறுபான்மையினராக அறிவித்தன. கேரள அரசு பரவூர், சேந்தமங்கலம் ஆகிய ஊர்களின் ஜெப ஆலயங்களைப் புதுப்பித்து, யூதர்களின் வரலாற்றை விளக்கும் அருங்காட்சியகங்களாக அமைத்துள்ளது.

சட்டம் வன்செயலைத் தண்டிக்கலாம்; அறியாமையைப் போக்குவது கல்வியின் பணி. பள்ளி வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப்போரைக் கற்பிக்கும் ஆசிரியர், அறுபது இலட்சம் பேரின் அழிவையும், அதற்கு முன் பரப்பப்பட்ட பொய்களையும் சேர்த்தே கற்பிக்கவேண்டும். கொச்சிக்கும் மும்பைக்கும் கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் ஜெப ஆலயங்களையும் காணலாம். ஏளனமோ பழியோ காதில் விழும்போது, அது உண்மையா என்று கேட்கும் பழக்கம் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

கல்கத்தாவின் ஜெப ஆலயங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவருவோர் முஸ்லிம் காவலர்கள். 1881இல் நிறுவப்பட்ட அந்நகர யூதப் பெண்கள் பள்ளியில் இன்று பயில்வோரில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவியர். யூதர்கள் குறைந்த இடத்திலும் அவர்களின் ஆலயத்தில் விளக்கு அணையாமலும், அவர்களின் பள்ளியில் பாடம் நிற்காமலும் பார்த்துக்கொள்வோர் அண்டை வீட்டாரே.

கொச்சியில் வழிபாட்டுக்குப் பத்துப் பேரை நாம் சேர்த்துத்தர இயலாது. அது அவர்களின் நெறியைச் சார்ந்தது. ஆனால் அவர்கள் எத்தகையவர், இந்த மண்ணில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை உண்மையாக எடுத்துரைக்கும் பத்துப் பேர் ஒவ்வோர் ஊரிலும் உருவாகலாம். சேர மன்னன் செப்பேட்டில் பொறித்துத் தந்த மதிப்பை மக்கள் தம் உள்ளத்தில் பொறித்துக் காப்பார்களாயின், யூத வெறுப்பு இந்த நாட்டில் என்றும் வேரூன்றாது.